“உப்பா, நல்ல தண்ணியா?” - கொச்சி மரினாவில் ஒழுகும் படகோடு நான்கு நாள்கள்

“கொர்ர்ர்ர்...”

ராத்திரி ஒண்ணரை மணி. தலைமாட்டில் மிக்ஸி ஓடுவது போல ஒரு சத்தம். பத்து விநாடி ஓடியது, நின்றது. எதிர்ப் படுக்கையில் சித்தப்பா அசையவே இல்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மறுபடியும் “கொர்ர்ர்ர்...”. இந்த முறை செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். சித்தப்பாவின் கண்கள் திறந்திருந்தன. கையில் ஒரு சின்ன நோட்டு. அதில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சித்தப்பா சத்தம்?”

“பில்ஜ் பம்ப்மா. அடியில சேருத தண்ணிய தானா இறைச்சு வெளிய ஊத்தும். நீ தூங்கு.”

“தண்ணி எங்கேருந்து சேருது?”

பதில் இல்லை. அன்று பகலில்தான் சித்தியிடம் போனில், “படகு சிங்கம் மாதிரி இருக்கு. ஒரு சொட்டு உள்ள வரல” என்று சொல்லியிருந்தார்.

நான் ஏன் அங்கே போனேன்?

சித்தப்பாவுக்கு சொந்த ஊர் தூத்துக்குடி. 30 வருடங்களுக்கு மேல் சரக்குக் கப்பல்களில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு எல்லோரும் வீடு கட்டுவார்கள், கோயில் குளம் போவார்கள். இவர் கோவாவுக்குப் போய் 28 அடி நீளத்தில் ஒரு பழைய ஃபைபர் பாய்மரப் படகை வாங்கிவிட்டார். ஒரே ஒரு பாய்மரம், உள்ளே நான்கு பேர் படுக்க இடம், சின்ன டீசல் இன்ஜின். அதைக் கடல் வழியாகவே தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என்பது அவர் திட்டம்.

போன வருடம்தான் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். கோவாவிலிருந்து கொச்சி வரை இரண்டு நண்பர்கள் கூட வந்தார்கள். ஆளுக்கொரு வேலை, ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மீதித் தூரத்தைத் தனியாகவே ஓட்டிவிடலாம் என்று சித்தப்பா முடிவெடுத்தது தெரிந்ததும் சித்தி எனக்குப் போன் செய்தார்.

“நீதான் ஊர் ஊராப் போய் எழுதுதல்லா? கொச்சிக்கும் போய் எழுது. வரும்போது அவியள எப்படியாவது ரயில் ஏத்திக் கூட்டிட்டு வந்துரு. அடுப்படிக் குழாய் ஆறு மாசமா ஒழுகுது. அதைப் பாக்க நேரமில்ல, கடல்ல போய் ஒழுகுத படகைப் பாக்காவ!”

படகு ஒழுகுகிறது என்று சித்தியிடம் யாரும் சொல்லவில்லை. அவராகவே தெரிந்துகொண்டிருந்தார்.

அரண்மனைக்குப் பக்கத்தில் படகு நிறுத்தம்

எர்ணாகுளம் ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால், கோஸ்ரீ பாலத்தில் ஏறி சில நிமிடங்களில் போல்காட்டி தீவு. 1744-ல் டச்சுக்காரர்கள் கட்டிய போல்காட்டி அரண்மனை இங்கேதான் இருக்கிறது. பிறகு பிரிட்டிஷ் ரெசிடென்ட் தங்கிய மாளிகையாக இருந்து, இப்போது கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டலாகிவிட்டது. அதை ஒட்டியே கொச்சி மரினா.

மரினா என்றதும் நமக்குச் சென்னையின் மணலும் சுண்டலும்தான் ஞாபகம் வரும். இங்கே மரினா என்றால் படகுகளின் பார்க்கிங். தண்ணீரில் மிதக்கும் நடைபாதைகள், இரண்டு பக்கமும் கயிற்றில் கட்டிய படகுகள். கரையிலிருந்து மின்சாரம், குழாயில் நல்ல தண்ணீர். தாய்லாந்து, மலேசியா பக்கமிருந்து வடகிழக்குப் பருவக்காற்றைப் பிடித்து மேற்கே போகிற பாய்மரப் படகுக்காரர்கள் வந்து தங்கிப் போகிற இடம் இது. ஒரு பக்கம் வல்லார்பாடம் துறைமுகத்தின் ராட்சத கிரேன்கள், இன்னொரு பக்கம் மெட்ரோ படகுகள். தண்ணீரில் ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக மிதந்து போகிறது.

நான் போனது மார்ச் மாதம். கேரளாவில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் தொடங்கும். அதற்குள் சின்னப் படகுகள் பத்திரமான இடத்துக்குப் போய்விட வேண்டும். கொச்சியிலிருந்து கன்னியாகுமரியைச் சுற்றித் தூத்துக்குடிக்குச் சுமார் 200 கடல் மைல். நம் கணக்கில் 370 கிலோமீட்டர். சித்தப்பாவின் படகு மணிக்கு நான்கைந்து கடல் மைல்தான் போகும். நிற்காமல் போனால் இரண்டு பகல், இரண்டு இரவு.

அந்த இரண்டு இரவுகளிலும் பம்ப் இப்படியே ஓடிக்கொண்டிருந்தால்?

விடிந்ததும் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 11 முறை ஓடியிருந்தது.

சித்தி கேட்ட முதல் கேள்வி

சித்தப்பா டீ வாங்கப் போன நேரத்தில் சித்திக்குப் போன் போட்டேன். பம்ப் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று எதிர்பார்த்தால், நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

“தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?”

சித்தி உப்பளக் குடும்பத்தில் பிறந்தவர். பாத்தித் தண்ணீரை நாக்கில் வைத்தே, உப்பு விளைய இன்னும் எத்தனை நாள் என்று அவருடைய அப்பா சொல்வாராம்.

“உப்புன்னா கடல் உள்ள வருது. நல்ல தண்ணின்னா வீட்டுத் தொட்டி ஒழுகுது. முதல்ல நாக்குல வச்சுப் பாருங்க.”

டீயோடு வந்த சித்தப்பாவிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். “கப்பல்லயும் இதாம்மா முதல் பாடம்!” தரைப்பலகையைத் தூக்கி, அடிக்குழியில் விரலை நனைத்து இருவரும் ருசி பார்த்தோம். கொஞ்சம் டீசல் வாடை. உப்புக் கரித்தது, ஆனால் மார்ச் மாதத்தில் அங்கே வெளியே இருந்த தண்ணீர் அளவுக்கு இல்லை.

“ரெண்டும் கலந்திருக்கு. ஒரு ஒழுகல் இல்ல, ரெண்டாவது இருக்கு” என்றார்.

உண்மையில் நான்கு இருந்தன.

டிஷ்யூ பேப்பர் துப்பறிவாளர்கள்

ஒழுகலை அடைப்பதைவிடக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கூரை ஒழுகும் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஓட்டை ஓரிடத்தில் இருக்கும், தண்ணீர் சுவர் வழியாக ஓடி வேறோரிடத்தில் சொட்டும். படகிலும் அதே கதைதான்.

முதல் வேலை, அடிக்குழியை முழுக்கக் காய வைப்பது. கப்பில் மொண்டு, ஸ்பாஞ்சால் ஒற்றி, பழைய வேட்டியால் துடைத்து, டேபிள் ஃபேனை வைத்துவிட்டோம். பிறகு தண்ணீர் வர வாய்ப்புள்ள ஒவ்வொரு இடத்துக்கும் கீழே ஒரு டிஷ்யூ பேப்பர். குடிநீர்த் தொட்டிக்கு அடியில் ஒன்று. இன்ஜினிலிருந்து வெளியே போகும் ஷாஃப்ட்டுக்கு அடியில் ஒன்று. கடல்நீர் வால்வுகளுக்கு அடியில் ஒவ்வொன்று. அப்புறம் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

தொட்டிக்கு அடியில் இருந்த பேப்பர் முதலில் நனைந்தது. ருசி பார்த்தால் நல்ல தண்ணீர். குழாய் இணைப்பில் இருந்த கிளிப் தளர்ந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நாலு திருகு, வேலை முடிந்தது.

இரண்டாவது, ஷாஃப்ட். இன்ஜின் உள்ளே, அது சுழற்றும் புரொப்பெல்லர் வெளியே தண்ணீரில். நடுவில் படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டு ஒரு கம்பி போகிறது. கம்பி சுழலவும் வேண்டும், தண்ணீர் வரவும் கூடாது. அதற்காகக் கிரீஸ் தடவிய நூல் கயிற்றை வளையமாகச் சுற்றி, ஒரு பெரிய நட்டால் அழுத்தி வைத்திருக்கிறார்கள். ஸ்டஃபிங் பாக்ஸ் என்று பெயர்.

“நல்லா இறுக்கிடலாமே சித்தப்பா?”

“அதான் எல்லாரும் செய்த தப்பு. இந்த மாதிரிப் பழைய ஸ்டஃபிங் பாக்ஸ், இன்ஜின் ஓடும்போது நிமிஷத்துக்கு ரெண்டு மூணு சொட்டு விடணும். அந்தத் தண்ணிதான் அதைக் குளிர வைக்கும். ஒரேயடியா இறுக்கினா சூடாகி ஷாஃப்ட்டே தேய்ஞ்சிரும். இன்ஜின் நின்னா சொட்டக் கூடாது. நம்மளுது நின்ன பிறகும் சொட்டுது.”

நட்டைக் கொஞ்சமாகத் திருகி, இன்ஜினை ஓட்டி, கையால் தொட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் திருகினார். வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாதாம். குழந்தைக்கு ஜுரம் பார்ப்பது போல அரை மணி நேரம் அதன் மேல் கை வைத்தபடியே இருந்தார்.

மூன்றாவது, மேலேயிருந்து வந்தது. பக்கத்துப் படகில் வெள்ளைக்காரத் தம்பதி, இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. அந்தப் பாட்டி ஹோஸ் பைப்பை நீட்டி, சைகையோடு சொல்லிக் கொடுத்தார். தண்ணீரைக் கீழேயிருந்து மேலே, ஒரு நேரத்தில் ஓரிடத்தில் மட்டும் அடிக்க வேண்டும். மொத்தமாக அடித்தால் எது ஒழுகுகிறது என்று தெரியாது. நான் மேலே அடிக்க, சித்தப்பா உள்ளே டார்ச்சோடு படுத்திருந்தார். மேல்தளத்தின் ஓரத் தடுப்புக் கம்பி ஒன்றின் அடியில் அடித்தபோது, “நிறுத்து! நிறுத்து!” என்று சத்தம் வந்தது. என் படுக்கைக்கு நேர் மேலே! முதல் நாள் தலையணை ஈரமாக இருந்ததற்கு வியர்வையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தடுப்புக் கம்பியைப் பிடித்துத்தான் எல்லோரும் படகில் ஏறுகிறோம். இழுத்து இழுத்து, அடியில் இருந்த பழைய பசை விட்டுப்போயிருந்தது. வைப்பினில் இருந்து ஃபைபர் வேலை செய்யும் சேட்டன் ஒருவர் வந்தார். போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் ஆணியை விட்டுச் சுரண்டிக் காட்டினார். தேயிலைத் தூள் போல ஈர மரத்தூள் வந்தது. இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவில் பால்சா என்ற லேசான மரம் இருக்கிறது. தண்ணீர் அதைத்தான் ரகசியமாக அரிக்கிறதாம். துளையைப் பெரிதாக்கி, உளுத்த மரத்தை எடுத்து, எபாக்ஸியை ஊற்றி நிரப்பினார். அது இறுகிய பிறகு மறுநாள் புதிதாகத் துளைபோட்டு, பாலியூரித்தேன் சீலண்ட் வைத்து போல்ட்டை மாட்டினார்.

“சிலிக்கோன் வேண்டா மோளே” என்றார். வீட்டு பாத்ரூமுக்குப் போடும் சிலிக்கோனை இங்கே போட்டால், நாளைக்கு அது விட்டுப்போகும்போது அந்த இடத்தில் வேறு எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காதாம்.

மூன்று ஒழுகல்கள் முடிந்தன. பம்ப் சத்தம் குறைந்தது. சித்தப்பா உற்சாகமாகிவிட்டார். வானிலை அறிவிப்பைப் பார்த்து, “ரெண்டு நாள்ல கிளம்பிடலாம்” என்றார். சித்தி கொடுத்த வேலையை எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கத்தி முனையில் தெரிந்த நிறம்

நான்காவது ஒழுகல் கழிவறைக்குப் பின்னால். கழிவறைக்குக் கடல்நீர் எடுக்கும் குழாயின் வால்வில், ஊசிமுனை அளவுக்கு ஈரம். பேப்பரில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் நனைந்திருந்தது. ருசி, சுத்தமான உப்பு.

ஹோஸையும் கிளிப்பையும் மாற்றிவிடலாம் என்றுதான் சித்தப்பா உட்கார்ந்தார். வால்வைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு. பேனாக் கத்தியை எடுத்துச் சுரண்டினார். மஞ்சளாகப் பளபளக்கும் என்று நினைத்தேன். இளஞ்சிவப்பாக இருந்தது.

அழகாக இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

வால்வு பித்தளை. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். உப்புத் தண்ணீரில் வருடக்கணக்காக இருந்தால் துத்தநாகம் மட்டும் கரைந்து போய்விடும். மிஞ்சுவது சிவந்த, உளுத்த செம்பு. பார்க்க முழுசாகத்தான் இருக்கும், உதைத்தால் பிஸ்கட் போல உடையும். அதனால்தான் நல்ல படகுகளில் இந்த இடத்தில் வெண்கலம் போடுகிறார்கள். வால்வு மட்டும் இல்லை, படகின் உடம்பைத் துளைத்து வெளியே போகும் பகுதியும் அதே நிறத்தில் இருந்தது.

“இது உடைஞ்சா என்ன ஆகும் சித்தப்பா?”

“ஒண்ணரை அங்குல ஓட்டை. தண்ணி மட்டத்துக்கு ரெண்டடி கீழ. நிமிஷத்துக்கு நூறு லிட்டருக்கு மேல உள்ள வரும். நம்ம பம்ப் தாங்காது.”

இதை மாற்ற வேண்டுமென்றால் படகைத் தண்ணீரிலிருந்து தூக்க வேண்டும். கடல் ஏற்ற இறக்கம் பல மீட்டர் இருக்கும் ஊர்களில், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் படகைச் சுவரில் சாய்த்து நிறுத்தி வேலையை முடித்துவிடுவார்களாம். கொச்சியில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை. கிரேன்தான் வழி. சேட்டன் விசாரித்த பட்டறையில் பத்து நாள் கழித்துத்தான் இடம் இருந்தது. தூக்கி, மாற்றி, மறுபடி இறக்குவதற்குள் ஏப்ரல் பாதி போய்விடும். அதற்கு மேல் கன்னியாகுமரி முனையில் காற்று எப்போது எப்படித் திரும்பும் என்று நம்பிப் போக முடியாது.

பக்கத்துப் படகுத் தாத்தா ஒரு யோசனை சொன்னார். வெளியே ஒருவர் முங்கி, ஓட்டையில் கூம்பு வடிவ மர ஆப்பை அடித்துவிட்டால் தண்ணீர் வராது. அந்தக் கழிவறையைப் பயன்படுத்தாமல் வாளியை வைத்துச் சமாளித்துப் போய்விடலாம்.

சித்தப்பாவின் கண் மின்னியது. அந்த மின்னல்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மாலை மிதக்கும் நடைபாதையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது அவர் ‘சுஹைலி’யின் கதையைச் சொன்னார். மும்பையில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட படகு. அதில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி, 312 நாள்கள் கழித்து 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பினார். அப்படிச் செய்த முதல் மனிதர் அவர்தான். கிளம்பிய சில வாரங்களிலேயே, அட்லான்டிக் நடுவில் படகு ஒழுகத் தொடங்கியது. அவர் கடலில் முங்கி, பலகை இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்து, மேலே செப்புத் தகட்டை அடித்தார். நடுவில் சுறா வந்தது. மேலே ஏறி அதைச் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார். மரப் படகின் இடுக்கில் திரி அடைக்கும் இந்த வேலைக்குத் தமிழில் ‘கலப்பத்து’ என்று பெயர்.

“பாத்தியா? நடுக்கடல்லயே சரி பண்ணியிருக்கான்” என்றார் சித்தப்பா.

“அவருக்கு அப்போ முப்பது வயசுகூட ஆகல. ஸ்டென்டும் இல்ல” என்றேன்.

கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

போன் யார் கையில்?

ராத்திரி எட்டு மணிக்கு சித்தியின் போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

“எல்லா ஒழுகலும் அடைச்சாச்சா?”

சித்தப்பா என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். ‘ஆமா’ன்னு சொல்லு என்று அர்த்தம். சொல்லியிருந்தால் இரண்டு நாளில் கிளம்பியிருப்பார். ‘படகு மோசம், உடனே தடுங்க’ என்றும் சொல்லியிருக்கலாம். சித்தி என்னை அனுப்பியதே அதற்குத்தான். ஆனால், ஸ்டஃபிங் பாக்ஸின் மேல் அரை மணி நேரம் கை வைத்திருந்த மனிதரைப் பற்றி இன்னொருவரிடம் புகார் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“சித்தப்பாகிட்டயே கேளுங்க சித்தி” என்று போனை அவர் கையில் கொடுத்தேன்.

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பித்தளை, துத்தநாகம், இளஞ்சிவப்பு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். மர ஆப்பு யோசனையையும் சொன்னார். சித்தி குறுக்கிடாமல் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“கப்பல்ல உங்களுக்குக் கீழ வேலை பாத்த பையன் இப்படி ஆப்பு அடிச்சிட்டுக் கடலுக்குப் போலாம்னு சொன்னா, கையெழுத்துப் போட்டிருப்பியளா?”

சித்தப்பா சிரித்தார். நான் வந்து மூன்று நாளில் அப்படி அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

“போட்டிருக்க மாட்டேன்.”

“அப்ப இந்த வருஷம் வேண்டாம். படகைத் தூக்கிச் சரி பண்ணுங்க. நான் வாறேன்.”

பாலருவியில் வந்த சித்தி

மறுநாள் காலையில் முங்குநீச்சல் தெரிந்த ஒருவர் வந்து வெளிப்பக்கம் ஆப்பை அடித்தார். மரினாவில் கட்டிக் கிடக்கும் படகுக்கு, கிரேன் வரும் வரை அது போதும். அன்றிரவு தூத்துக்குடியில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறிய சித்தி, அடுத்த நாள் காலையில் எர்ணாகுளத்தில் இறங்கினார். ஒரு பையில் இட்லிப் பொடி, கருவாடு, மக்ரூன். இன்னொரு பையில் சித்தப்பாவின் மாத்திரைகள்.

படகில் கால் வைத்ததும் ஓரத் தடுப்புக் கம்பியைப் பிடிக்கப் போனார். “அதைப் பிடிக்காத, நேத்துதான் ஒட்டினது!” என்று சித்தப்பா கத்தினார். சித்தி உள்ளே இறங்கினார். தரைப்பலகையைத் தூக்கச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அப்புறம் உட்கார்ந்து, மிச்சமிருந்த மர ஆப்புகளை அந்தந்த வால்வுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக நூல் கயிற்றில் கட்டினார். ராத்திரி கரண்ட் போனாலும் கைக்கு எட்டும் இடத்தில்.

“தனியாப் போறதுன்னா வேண்டாம். அடுத்த ஜனவரில ரெண்டு ஆள் கூட வந்தா, கொல்லம் வரைக்கும் நானும் வாறேன். படுக்க எது நல்ல இடம்?”

நான் கிளம்பும் முந்தைய இரவில் பம்ப் ஓடவே இல்லை. அதனாலேயே மூன்று பேருக்கும் தூக்கம் வரவில்லை.

பத்து நாள் கழித்து சித்தப்பா ஒரு போட்டோ அனுப்பினார். கிரேனில் தொங்கும் படகு, கையில் புது வெண்கல வால்வு, கீழே பழைய பித்தளை இரண்டு துண்டாக. கழற்றும்போதே உடைந்துவிட்டதாம். அதற்குக் கீழே சித்தியின் வாய்ஸ் மெசேஜ்.

“அந்த சீலண்ட் டியூப்ல மிச்சம் இருக்கான்னு கேட்டுக்கோ. அடுப்படிக் குழாய் இன்னும் ஒழுகுது!”

கொச்சி மரினா பக்கம் போனால்...

* எர்ணாகுளம் நகரிலிருந்து கோஸ்ரீ பாலம் வழியாக ஆட்டோவில் போல்காட்டி போகலாம். மாலை வெயில் தாழ்ந்த நேரம் நல்லது.
* படகுகளைக் கரையிலிருந்து பாருங்கள். உரியவர் அழைக்காமல் படகில் கால் வைக்காதீர்கள். அது அவர்கள் வீடு.
* பாய்மரப் படகுகள் அதிகம் கண்ணில் படுவது ஜனவரி முதல் மார்ச் வரை. மழைக்காலத்தில் பெரும்பாலும் கிளம்பிவிடும்.
* யாராவது படகில் ஏற அழைத்தால், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். ஓரக் கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்!